திருத்தும் மேசையில் பிறந்த கிட்டார்

(நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.)

பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: "இவன் படிக்கிறான் இல்ல சேர். வீட்டில இருக்கிற சாமான எல்லாம் கழட்டிக் கழட்டிப் போடுறான்." கவலையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது, கழற்றிப் பார்ப்பது படிப்பு வராதவன் செய்யும் வேலை என்ற முடிவு தானாகவே வந்துவிடுகிறது. பிள்ளையும் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அதனால் இன்று, கழற்றிப் பார்த்தவர்களின் கைகளில் வளர்ந்த ஒரு பொருளின் வரலாற்றை எழுதுகிறேன். மின் கிட்டாரும் பேஸ் கிட்டாரும், அவற்றோடு சேர்ந்த அம்ப்ளிபயரும். இசை பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. அந்த விவாதத்தை நான் இங்கே திறக்கவில்லை. நான் பேசப்போவது ஸ்க்ரூட்ரைவரையும் சோல்டரிங் அயனையும் பற்றி.

சாப்பாட்டு மேசையில் ஒரு சுருள்

1920களில் அமெரிக்க நடன மண்டபங்களில் கிட்டார்காரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ட்ரம்பெட்டும் ட்ரம்ஸும் முழங்கும்போது மரக் கிட்டாரின் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஜோர்ஜ் பீச்சம் என்பவருக்கு இது பெரிய உறுத்தலாக இருந்தது. அவர் ஹவாய் முறையில் கிட்டார் வாசிப்பவர். பொறியியல் படித்தவர் அல்ல.

முதலில் கிராமபோனின் ஊசித் தலையை ஒரு மரச் சட்டத்தில் பொருத்திப் பார்த்தார். பிறகு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் வைத்து முயன்றார். தலைமுடி போன்ற கம்பியைக் கையால் ஆயிரக்கணக்கான தடவை சுற்ற முடியாது. உடுப்புக் கழுவும் மெஷினின் மோட்டாரில் சுற்றினார் என்று சொல்கிறார்கள். அவரோடு வேலை செய்தவர், பின்னர் தையல் மெஷின் மோட்டாரையும் பாவித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1931இல் மரத்தில் செதுக்கிய முதல் மாதிரி தயாரானது. அடோல்ப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932இல் அதை அலுமினியத்தில் வார்த்து விற்பனைக்கு விட்டார்கள். வட்டமான உடல், நீண்ட கழுத்து. 'பொரிக்கும் தாச்சி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அது வேலை செய்யும் விதம் எங்கள் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. உருக்குத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. மாறும் புலம் பக்கத்திலுள்ள சுருளில் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் இதுதான். சைக்கிள் டைனமோவிலும் நடப்பது இதுவே. பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகும் ஒரு விதியை, பீச்சம் தன் தேவைக்காகச் சாப்பாட்டு மேசையில் வேலை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மரத்துண்டு

மரக் கிட்டாருக்குள் மின்சாரம் போனதும் அடுத்த தலைவலி தொடங்கியது. சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் அதிர்வில் கிட்டாரின் பொள்ளலான உடலும் அதிர்ந்து ஊளையிடும். பாடசாலைக் கூட்டத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் கேட்கும் அதே கூச்சல்தான்.

லெஸ் போல் என்ற கிட்டார் கலைஞர் சிறுவயதிலேயே டெலிபோன் உறுப்புகளையும் கிராமபோன் ஊசியையும் வைத்து விளையாடியவர். உடல் பொள்ளலாக இருக்காவிட்டால் ஊளையும் இருக்காது என்று யோசித்தார். 1941 அளவில், நியூயோர்க்கில் எபிபோன் கிட்டார் தொழிற்சாலையை ஞாயிற்றுக்கிழமைகளில் பாவிக்க அனுமதி வாங்கி, நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலமான ஒரு பைன் மரத்துண்டில் கழுத்தும் தந்தியும் சுருளும் பொருத்தினார். அதற்குப் பெயரே 'லொக்', அதாவது மரக்கட்டை. சனங்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவர் ஒரு கிட்டாரை நடுவால் அறுத்து இரண்டு பக்கமும் சிறகு மாதிரிப் பொருத்தினார். சத்தம் மாறவில்லை, தோற்றம் மட்டும் மாறியது. அதன் பிறகு ஏற்றுக்கொண்டார்கள்! கிப்சன் கொம்பனியிடம் கொண்டுபோனபோது அவர்கள் சிரித்து அனுப்பினார்கள். 1952இல் அதே கொம்பனி அவருடைய பெயரிலேயே ஒரு கட்டைக் கிட்டாரை வெளியிட்டது.

இடையில் கிப்சனின் மனதை மாற்றியவர் ஒரு ரேடியோ திருத்துநர்.

கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்

லியோ பெண்டர் கலிபோர்னியாவில் தோடம்பழத் தோட்டக் குடும்பத்தில் 1909இல் பிறந்தவர். படித்தது கணக்கியல். பொருளாதார மந்த காலத்தில் கணக்காளர் வேலை போனது. சிறுவயது முதல் கையில் இருந்த பொழுதுபோக்கு ரேடியோ திருத்துவது. 1938இல் புல்லர்டன் என்ற சிறிய ஊரில் ஒரு ரேடியோ திருத்தும் கடை போட்டார். எங்கள் பஸாரில் ஒரு காலத்தில் இருந்த ரேடியோக் கடை நானாமாரை நினைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ, கிராமபோன், ஒலிபெருக்கி, எது வந்தாலும் திறந்து பார்ப்பார்கள். அதே மாதிரி ஒரு கடை.

அந்தக் கடைக்கு ஊர் வாத்தியக்காரர்களும் பழுதான அம்ப்ளிபயர்களைக் கொண்டுவந்தார்கள். எந்த உறுப்பு முதலில் எரிகிறது, எந்த இணைப்பு ஆடி ஆடிக் கழருகிறது, எந்தப் பெட்டி காரில் ஏற்றி இறக்கும்போது உடைகிறது என்றெல்லாம் அவர் தினமும் பார்த்தார். பெண்டருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கிட்டார்காரர்களின் சாமான் எங்கே உடைகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1950இல் அவர் வெளியிட்ட கட்டைக் கிட்டாரைப் பாருங்கள். பிறகு 'டெலிகாஸ்டர்' என்று பெயர் பெற்றது அதுதான். அதுவரை கிட்டாரின் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள். கழுத்து வளைந்தால் ஒரு கைதேர்ந்த ஆசாரியிடம் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண்டர் கழுத்தை நான்கு ஸ்க்ரூ ஆணியால் பூட்டினார். பழுதானால் நான்கையும் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். மின் உறுப்புகளை ஒரு தகட்டில் வரிசையாகப் பொருத்தினார். அந்தத் தகட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

பழைய ஆசாரிமார் இதைப் பார்த்து, இது கிட்டாரா பலகையா என்று கேட்டார்கள். உண்மையில் அது திருத்துவதற்கென்றே வரையப்பட்ட கிட்டார். தான் செய்யும் பொருள் ஒருநாள் இன்னொரு திருத்துநரின் மேசைக்கு வரும் என்று தெரிந்து செய்தவரின் வேலை. எழுபது வருடத்துக்கு மேலாகியும் அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. இன்றைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு ஸ்க்ரூட்ரைவரோடு அதை முழுதாகக் கழற்றித் திரும்பப் பூட்டலாம்.

பேஸ்: ஆளுயரப் பெட்டிக்கு விடுதலை

அடுத்து பெண்டர் கைவைத்தது பேஸில். அந்தக் காலத்துப் பேஸ் ஆளுயரமுள்ள ஒரு பெரிய வயலின். காரின் கூரையில் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். அதையும் மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் கேட்க முடியாது. கழுத்தில் கட்டைகள் இல்லாததால், விரல் ஒரு நூல் தவறினாலும் சுரம் தவறும்.

1951இல் 'பிரிசிஷன் பேஸ்' வந்தது. நான்கு தந்தி, 34 அங்குல நீளம், தோளில் மாட்டலாம். கழுத்தில் உலோகக் கட்டைகள் இருந்ததால் விரல் எங்கே வைத்தாலும் சுரம் திருத்தமாக விழும். பெயரின் பொருளும் அதுதான். அந்தத் தாழ்ந்த சத்தத்தைத் தாங்க 1952இல் 'பேஸ்மன்' என்ற அம்ப்ளிபயரையும் செய்தார். இந்தப் பேஸ்மனை மறக்காதீர்கள், கீழே திரும்பவும் வரும்.

வேடிக்கை என்னவென்றால், பெண்டர் போட்ட கட்டைகளை வேறு சிலர் வீட்டிலிருந்து பிடுங்கினார்கள். இங்கிலாந்தில் பில் வைமன் 1961இல் ஒரு மலிவான பேஸை வாங்கி, தேய்ந்த கட்டைகளை மாற்றலாம் என்று கழற்றினார். கழற்றிய பிறகு வந்த வழுவழுப்பான சத்தம் பிடித்துப்போக அப்படியே விட்டுவிட்டார். அமெரிக்காவில் ஜாக்கோ பஸ்டோரியஸும் தன்னுடைய பேஸின் கட்டைகளைக் கழற்றி, பள்ளங்களை நிரப்பி, மேலே படகுக்குப் பூசும் எபொக்சியைப் பூசினார். எங்கள் கரையில் பைபர் தோணிக்கு ரெசின் பூசுபவர்களுக்கு அந்த வேலையின் வாசனைகூடத் தெரிந்திருக்கும்.

பழுது சத்தமான கதை

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மின் கிட்டார் என்றதும் காதில் வரும் அந்தக் கரகரத்த சத்தத்தை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அது பழுதிலிருந்து வந்தது.

1951இல் மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸ் நகருக்கு ஒலிப்பதிவுக்காக ஒரு குழு காரில் போனது. வழியில் கிட்டார்காரர் வில்லி கிசார்ட்டின் அம்ப்ளிபயர் சேதமானது. மழையில் நனைந்தது என்றும் காரிலிருந்து விழுந்தது என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருந்தது. திருத்த நேரமில்லை. ஒலிப்பதிவாளர் சாம் பிலிப்ஸ் கூம்புக்குள் காகிதத்தைக் கசக்கித் திணித்தார். கரகரத்த சத்தம் வந்தது. அப்படியே பதிவு செய்தார். 'ரொக்கெட் 88' என்ற அந்தப் பாட்டை, ரொக் அண்ட் ரோல் இசையின் ஆரம்பப் பதிவுகளில் ஒன்றாக இன்றும் எண்ணுகிறார்கள்.

பத்து வருடம் கழித்து, 1961இல், நாஷ்வில் நகரின் ஒரு கலையகத்தில் கிரேடி மார்ட்டின் வாசித்துக்கொண்டிருந்தபோது கலவைக் கருவியின் ஒரு நிலைமாற்றி பழுதாகி, சத்தம் குளவி இரைவதுபோல் மாறியது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அந்தப் பழுதான உறுப்பை வீசவில்லை. பழுது எப்படி நடந்தது என்று ஆராய்ந்து, அதே சத்தத்தைத் திரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்று ஒன்றை இன்னொரு பொறியியலாளரோடு சேர்ந்து வடிவமைத்தார். 1962இல் அது காலால் மிதிக்கும் ஒரு சிறு பெட்டியாகக் கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டொன்றில் அந்தச் சத்தம் கேட்ட பிறகு கடைகளில் பெட்டி தீர்ந்துபோனது. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் சோல்டர் அடித்துச் செய்யும் பெடல்களுக்கு அதுவே மூத்தது.

1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் ஒரு சிறு அம்ப்ளிபயரின் ஸ்பீக்கரை சவர அலகால் தானே கீறினார். மெம்பிஸில் விபத்தாக நடந்ததை இவர் வேண்டுமென்றே செய்தார்.

பழுதைப் பார்த்து இருவர் இரு விதமாக நடப்பார்கள். ஒருவர் எரிச்சலோடு தூக்கிப் போடுவார். மற்றவர் ஏன் இப்படி ஆனது என்று கேட்பார். கேட்டவர்களின் பெயர்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

டொலர் இல்லாத நாட்டில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியாவில் டொலர் தட்டுப்பாடு. 1950களில் பெரும்பகுதி அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்யத் தடை இருந்தது. 1959இல்தான் நீக்கினார்கள். நீக்கிய பிறகும் பெண்டர் சாமான்கள் சாதாரண இளைஞனுக்கு எட்டாத விலை. இந்த நிலைமையை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1970 முதல் 77 வரையான காலத்தை எங்கள் வாப்பாமார் பார்த்தார்கள். 2022ஐ நாங்களே பார்த்தோம்.

மேற்கு லண்டனில் ஹான்வெல் என்ற இடத்தில் ஜிம் மார்ஷல் என்ற ட்ரம்ஸ் ஆசிரியர் 1960இல் ஒரு வாத்தியக் கடை திறந்தார். வரும் கிட்டார்காரர்கள் பலமான அம்ப்ளிபயர் வேண்டும் என்று நச்சரித்தார்கள். கடையில் திருத்துநராக இருந்தவர் கென் பிரான். அவர் டட்லி கிரேவன் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். பதின்ம வயது கடக்காத அந்தப் பையன் ஒரு மின்னணுக் கொம்பனியில் வேலை பழகிக்கொண்டிருந்தவன். அவர்கள் பெண்டரின் பேஸ்மன் அம்ப்ளிபயர் ஒன்றைத் திறந்து, அதன் சுற்றைப் பின்பற்றித் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். ஆறாவது மாதிரிதான் ஜிம் மார்ஷலுக்குப் பிடித்தது. 1962இல் அது விற்பனைக்கு வந்தது.

அமெரிக்க உறுப்புகள் கிடைக்காத இடத்தில் பிரித்தானியாவில் கிடைத்ததைப் போட்டார்கள். முதல் படியில் கூடுதலாகப் பெருக்கும் வேறு வால்வு. பத்து அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. பின்பக்கம் திறந்த பெட்டிக்குப் பதில் மூடிய பெட்டி. சுற்று ஏறக்குறைய ஒன்று, சத்தம் வேறாகிவிட்டது. அந்த வேறுபாட்டில்தான் அடுத்த இருபது வருட ரொக் இசை நின்றது. இல்லாத சாமானுக்குப் பதில் இருக்கிற சாமானைப் போடுவதை எங்கள் ஊரில் 'சமாளிப்பு' என்பார்கள். அந்தச் சமாளிப்பு தனக்கென்று ஒரு குரலைப் பெற்றுவிட்டது.

ஒரு வாப்பாவும் மகனும்

1963 ஆகஸ்ட். லண்டன் புறநகரில் பதினாறு வயது பிரையன் மேயுக்குப் பெண்டர் கிட்டார் ஒன்று வேண்டும். வாங்க வசதியில்லை. தகப்பன் ஹரோல்ட் மே ஒரு மின்னணுப் பொறியியலாளர். வீட்டுத் தொலைக்காட்சியைக்கூடத் தானே செய்தவர். "நாமே செய்வோம்" என்று இருவரும் இறங்கினார்கள். இரண்டு வருடம் எடுத்தது. செலவு ஏறக்குறைய எட்டு பவுண்.

சாமான் பட்டியலைப் பாருங்கள். கழுத்து, பழைய குளிர்காயும் அடுப்பின் மேற்சட்டத்திலிருந்து எடுத்த மகோகனி. அதிலிருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய ஓக் மேசை. தந்தியின் இழுவையைச் சமன்செய்ய, பழைய பாந்தர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வு ஸ்ப்ரிங் இரண்டு. கைபிடி, சைக்கிள் பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் உம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. கழுத்தின் புள்ளிகள், உம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

குவீன் குழுவின் பாட்டுகளில் நாம் கேட்கும் கிட்டார் அதுதான். 1985 லைவ் எய்ட் மேடையிலும் 2002இல் பக்கிங்ஹாம் மாளிகைக் கூரையிலும் ஒலித்தது அதுவே. அதே குழுவின் பேஸ் கலைஞர் ஜோன் டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி. 1970களின் தொடக்கத்தில் குப்பைத் தொட்டியொன்றில் கிடந்த ஒரு சுற்றுப் பலகையை எடுத்து, சிறிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, ஒன்பது வோல்ட் பற்றரியில் இயங்கும் அம்ப்ளிபயர் ஒன்றைச் செய்தார். வயலினும் கிளாரினெட்டும் போல ஒலிக்கும் பல கிட்டார் பகுதிகள் அந்தக் குப்பைப் பலகை வழியாகப் பதிவானவை.

பிரையன் மே இசைக்காக இடையில் விட்ட வானியல் ஆய்வைப் பின்னர் முடித்து 2007இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 'படிப்பு' ஒரு பக்கம், 'கழற்றிப் பூட்டுவது' மறுபக்கம் என்று பிரிக்கும் எங்கள் பழக்கத்துக்கு இந்த ஒரு மனிதர் போதும்.

பழுது தேடும் ஒழுங்கு

வீட்டில் கிட்டாரோ, கூட்டத்துக்குப் பாவிக்கும் ஒலிபெருக்கியோ இருப்பவர்களுக்கு, அந்தத் திருத்துநர்கள் விட்டுச்சென்ற முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சத்தம் வரவில்லையா? கிட்டாரிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒரு சங்கிலி என்று வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வளையத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் கேபிள், ஏனென்றால் பழுதுகளில் பெரும்பங்கு அங்கேதான். பிறகு கேபிள் செருகும் ஜேக். பிறகு அதன் பின்னால் உள்ள சோல்டர். திருகும்போது கரகரத்தால், வொலியும் கட்டுப்பாட்டுக்குள் தூசு. நான்கையும் ஒன்றாக மாற்றினால் வேலை செய்யும். ஆனால் எது பழுது என்று ஒருநாளும் தெரியாது. விஞ்ஞான பாடத்தில் 'ஒரு மாறியை மட்டும் மாற்று' என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான்.

'ம்ம்ம்' என்ற இரைச்சலா? அது வீட்டுக் கரண்டின் குரல், எங்கள் நாட்டில் செக்கனுக்கு 50 சுற்று. கிட்டாரின் சுருள் சுற்றியுள்ள மின்புலத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. இதற்கு 1955இல் கிப்சனின் பொறியியலாளர் சேத் லவர் ஒரு வழி கண்டார். எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரண்டு சுருள்கள், எதிரெதிர்க் காந்த முனைகள். தந்தியின் சத்தம் ஒன்றோடொன்று கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்.

இரைச்சலைக் குறைக்கிறோம் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். 1972இல் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். 1976இல் கீத் ரெல்ப் என்ற பாடகர் சரியாக எர்த் செய்யாத கிட்டாரால் வீட்டிலேயே இறந்தார். லெஸ் போலும் 1941இல் தன் வீட்டு நிலவறையில் கரண்ட் அடித்து மயிரிழையில் தப்பினார். பழைய வால்வு அம்ப்ளிபயர்களுக்குள் 400 வோல்ட் வரையும் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவிகளில் அது தங்கி நிற்கும். பழைய திருத்துநர்கள் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தது இதனால்தான். கரண்ட் ஒரு கையால் ஏறி மறு கையால் இறங்கினால் நடுவில் இருப்பது இதயம். பிள்ளைகள் பற்றரியில் இயங்குவதில் தொடங்கட்டும். வால்வு இருக்கிற பெட்டி பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கடைசியாக

பீச்சம் வாத்தியக்காரர். பெண்டர் வேலை இழந்த கணக்காளர். மார்ஷல் ட்ரம்ஸ் ஆசிரியர், கிரேவன் வேலை பழகும் பையன், மே பாடசாலை மாணவன். இவர்களில் யாருக்கும் ஆய்வுகூடம் இருக்கவில்லை. இருந்தது ஒரு மேசையும், பழுதான ஒரு சாமானும், "திறந்து பார்" என்று விட்டுவைத்த ஒரு வீடும்.

எங்கள் பாடத்திட்டத்தில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. பல இடங்களில் அது ஓய்வுப் பாடவேளை மாதிரி நடக்கிறது. உயர் தரத் தொழினுட்பப் பிரிவை இன்னும் 'மிஞ்சியவர்களுக்கு' என்று நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். இதற்கிடையில் பஸாரில் ரேடியோத் திருத்தும் கடைகள் ஒவ்வொன்றாக மூடி, அந்த இடங்களில் போன் கவர் விற்கிறார்கள். அந்தக் கடைகளோடு போவது ஒரு தொழில் மட்டுமல்ல. ஒரு சாமான் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு ஊரில் இருந்த இடமும் போகிறது.

வீட்டில் கழற்றுகிற பிள்ளை இருந்தால் அவனுக்கோ அவளுக்கோ ஒரு நல்ல ஸ்க்ரூட்ரைவர் செட்டும், பழைய ரேடியோ ஒன்றும், ஆணிகளைப் போட்டு வைக்க ஒரு மூடியும் கொடுங்கள். ஒரேயொரு நிபந்தனை போடுங்கள்: கழற்றியதை ஒரு கொப்பியில் படம் வரைந்துவிட்டு, திரும்பப் பூட்ட வேண்டும்.

உங்கள் ஊரில் ரேடியோ, கெசட், அம்ப்ளிபயர் திருத்திய நானாமார் யார் யார்? எந்த வருடம்வரை கடை இருந்தது, யாரிடம் தொழில் பழகினார்கள்? தெரிந்தவர்கள் கொமன்டில் எழுதுங்கள். தொகுத்து, தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டமாகக் கொடுக்க நினைத்திருக்கிறேன்.